முசிறிக் கடன்பத்திரத்தின் பயணம்

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் பாப்பிரஸ் பிரிவில் ஜி 40822 என்ற பதிவெண்ணில் ஒரு கிழிந்த தாள் இருக்கிறது. அதன் இரு பக்கத்திலும் கிரேக்க எழுத்து. ஒரு பக்கத்தில் கடன் உடன்படிக்கை ஒன்றின் நடுப்பகுதி. மறுபக்கத்தில் ஒரு கப்பல் சரக்கின் கணக்கு. கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எந்த ஆண்டு, எந்த நாள் என்பதெல்லாம் கிழிந்த ஓரங்களோடு போய்விட்டன. ஆனால் கப்பலின் பெயர் பிழைத்துக்கொண்டது: ஹெர்மபொல்லோன். ஹெர்மிஸ், அப்பொல்லோ என்ற இரு கிரேக்கக் கடவுளரைச் சேர்த்து வைத்த பெயர். கூடவே ஒரு துறைமுகத்தின் பெயரும் பிழைத்தது: முசிறி.

திருச்சி மாவட்டத்து முசிறி அல்ல இது. சேரர் துறைமுகம், பெரியாறு கடலில் கலக்கும் இன்றைய கேரளக் கரையில் இருந்தது. யவனர் கலங்கள் அங்கே பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அதே வணிகத்தின் மறுகரையில், கிரேக்க மொழியில், ஒரு குமாஸ்தாவின் கையால் எழுதப்பட்டதுதான் இந்தத் தாள். புலவருக்குப் பொன்னும் மிளகும் தெரிந்தன. குமாஸ்தாவுக்கு எடையும் விலையும் வரியும் தெரிந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிற பேறு நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. இந்தத் தாள் அச்சில் வெளிவந்த 1985க்கு முன் வாழ்ந்த எந்தத் தமிழறிஞருக்கும் அது வாய்க்கவில்லை.

தாள் பிறந்தது கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். நைல் கழிமுகத்துச் சதுப்புகளில் ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் ஒருவகைக் கோரைதான் பாப்பிரஸ். அதன் தண்டை உரித்து, உள்ளே இருக்கும் வெண்சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவி, நெடுக்காக ஓர் அடுக்கும் குறுக்காக ஓர் அடுக்கும் வைத்து அழுத்தி உலர்த்துவார்கள். செடியின் சாறே பசையாகிவிடும். ரோமப் பேரரசு முழுவதும் கணக்கு, கடிதம், மனு, ரசீது எல்லாம் இந்தத் தாளில்தான் ஓடின. மை பெரும்பாலும் விளக்குக்கரியும் பிசினும் சேர்த்துக் குழைத்தது.

உடன்படிக்கைப் பக்கத்தைப் படிக்கும்போது கடன் வாங்கிய வணிகரின் குரல் நேராகக் கேட்கிறது. செங்கடல் துறையில் சரக்கை இறக்கியதும் ஒட்டகக்காரரிடம் ஒப்படைப்பேன் என்கிறார். காவலோடு பாலைவனம் கடந்து கோப்டோஸ் நகரத்து அரசுக் கிடங்கில் கொண்டுசேர்ப்பேன். உங்கள் முத்திரையோ உங்கள் ஆட்களின் முத்திரையோ அதன்மேல் இருக்கும். பிறகு பழுதில்லாத படகாகப் பார்த்து ஏற்றி நைல் வழியாக அலெக்சாந்திரியாவில் கால் பங்கு வரி வாங்கும் கிடங்குக்குக் கொண்டுவருவேன். அங்கும் உங்கள் முத்திரை. ஒட்டகக் கூலி, படகுக் கூலி என் பொறுப்பு. தவணைக்குள் கடனை அடைக்காவிட்டால், எனக்கு முன்னறிவிப்பே தராமல் சரக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வரியைக் கட்டிவிட்டு மிச்ச முக்கால் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். அசலில் குறைந்தாலும் கூடினாலும் அது என் கணக்கு.

இத்தனை நிபந்தனைக்கும் காரணம் உண்டு. ரோம எழுத்தாளர் மூத்த பிளினி இந்த வழியை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். கோடையின் நடுவில் எகிப்தை விட்டுப் புறப்பட வேண்டும். செங்கடல் வாயிலிலிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி. திரும்பும் காற்று டிசம்பர் வாக்கில்தான் கிடைக்கும். செங்கடல் துறையான பெரெனிகேயிலிருந்து கோப்டோஸுக்குப் பாலைவனத்தில் 12 நாள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவு நடை. ஆக, கடன் கொடுத்தவரின் பணம் ஏறக்குறைய ஒரு வருடம் காற்றையும் கள்வரையும் நம்பி இருந்தது. ஒவ்வொரு கிடங்கிலும் முத்திரை கேட்டதில் வியப்பில்லை.

மறுபக்கத்துக் கணக்குதான் என்னைப் பிடித்து நிறுத்துவது. கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி. நம் நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் சடாமாஞ்சில் என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அதே இமயமலை வேர்தான். கங்கைக்கரைச் சரக்கு முசிறியில் விலைக்குக் கிடைத்ததைப் பழைய கிரேக்க வணிகக் கையேடான எரித்ரேயக் கடல் வழிநூலும் சொல்கிறது. அடுத்து முழுத் தந்தம். அதை அடுத்துத் தந்தத்தை விட விலை குறைந்த ஒரு பொருள். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன். கடைசியில் மொத்தம்: 1154 தாலந்து 2852 திராக்மா. ஒரு தாலந்து 6000 திராக்மா. பெருக்கிப் பார்த்தால் 69,26,852 திராக்மா. அதுவும் கால் பங்கு வரி போக மிஞ்சிய முக்கால் பங்கின் மதிப்பு. வரிக்கு முன் சரக்கின் மதிப்பு சுமார் 92 லட்சம் திராக்மாவாக இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தொகை எவ்வளவு பெரிது? எகிப்தில் புழங்கிய திராக்மாவும் ரோமின் செஸ்டர்ஸும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று பிளினி அங்கலாய்த்தார். அது அங்கே வாங்க இறைத்த பணம். இது அலெக்சாந்திரியாவில் சரக்குக்குப் போட்ட மதிப்பு. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒரே கப்பல் 92 லட்சம் என்னும்போது, பிளினியின் எண் வெறும் புலம்பல் என்று தள்ளிவிட்ட வரலாற்றாசிரியர்கள் திரும்பி யோசிக்க வேண்டியதாயிற்று.

இனி தாளின் நீண்ட மௌனம். வேலை முடிந்த பிறகு யாரோ அதைக் கழித்துக் கட்டினார்கள். அலெக்சாந்திரியா ஈரமான கடற்கரை. அங்கே மண்ணில் கிடந்த பாப்பிரஸ் அனேகமாக எல்லாமே மக்கிப்போய்விட்டன. எனவே இந்தத் தாள் அங்கேயே கிடந்திருக்க வாய்ப்பில்லை. எகிப்தின் உள்நாட்டில், மழையறியாத மணலில் எங்கோதான் பதினெட்டு நூற்றாண்டுகள் கிடந்திருக்க வேண்டும். எங்கே, எந்தக் குப்பைமேட்டில், எந்தத் தாள்களோடு சேர்ந்து என்பதற்குப் பதிவே இல்லை. பழம்பொருள் சந்தையில் கைமாறும் பொருளுக்கு நேரும் கதி இது. பக்கத்தில் கிடந்த தாள்களில் அந்த வணிகரின் பெயர் இருந்திருக்கலாம். மண்ணிலிருந்து பிடுங்கி விற்றவர்கள் அந்தப் பெயரையும் சேர்த்து அழித்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

1980இல் வியன்னா நூலகம் இதை வாங்கியது. மூன்றே ஆண்டில், 1983இல், எகிப்து சட்டம் போட்டுப் பழம்பொருள் வாணிகத்தையே தடைசெய்துவிட்டது. வியன்னாவின் பாப்பிரஸ் சேகரிப்பு அதற்கு நூறாண்டு மூத்தது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கூட்டம் கூட்டமாகப் பாப்பிரஸ் வெளிவந்த காலத்தில், தியோடர் கிராஃப் என்ற வணிகரிடமிருந்து 1883இல் ரெய்னர் இளவரசர் பெருந்தொகுதி ஒன்றை வாங்கினார். 1899இல் அதைப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். அது அரச நூலகத்துக்குப் போயிற்று. இன்று அங்கே சுமார் 1,80,000 பொருள்கள். 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அந்தச் சேகரிப்பு சேர்ந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரோமச் சாலைகளின் வரைபடமான பொய்ட்டிங்கர் படச்சுருளும் இதே நூலகத்தில்தான் இருக்கிறது. அதன் கிழக்குக் கோடியில் முசிறி என்று எழுதி, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் ஒன்றையும் வரைந்திருக்கிறார்கள். முசிறி பெயரைத் தாங்கிய இரண்டு அரிய சான்றுகள், வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு வழியாக வந்து, கடலே இல்லாத ஒரு நாட்டின் நூலகத்தில் சேர்ந்திருக்கின்றன.

தாளை முதலில் படித்து வெளியிட்டவர்கள் வியன்னாவின் ஹெர்மன் ஹாரவரும் ஆம்ஸ்டர்டாமின் பீட்டர் சைப்பெஸ்டெயினும். ஆண்டு 1985. பாப்பிரஸ் படிப்பு என்பது சாதாரண வாசிப்பு அல்ல. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும். நார் உரிந்த இடத்தில் எழுத்தின் பாதி போயிருக்கும். மிஞ்சிய ஒரு கோட்டையோ வளைவையோ வைத்து இது எந்த எழுத்து என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்ததில் எது உறுதி, எது ஊகம் என்று வாசகருக்கும் காட்ட வேண்டும். அதற்காக 1931இல் லெய்டன் நகரில் கூடிய அறிஞர்கள் ஒரு குறியீட்டு முறையை வகுத்தார்கள். எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் அது ஐயத்துக்குரியது. சதுர அடைப்புக்குள் இருந்தால் தாளில் அழிந்துபோனது, பதிப்பாசிரியர் நிரப்பியது. எனக்கு இந்த முறையின் மேல் பெரிய மரியாதை உண்டு. தனக்கு எது தெரியவில்லை என்பதை ஒவ்வோர் எழுத்துக்கும் எழுதிக்காட்டுகிற படிப்பு வேறு எத்தனை இருக்கிறது?

வெளியான மறுவருடமே விவாதம் தொடங்கிவிட்டது. பழங்காலக் கப்பலோட்டத்தின் பெரிய அறிஞரான லயனல் காசன் 1986இலும் 1990இலும் எழுதினார். கடன் முசிறியிலேயே எழுதிக் கையெழுத்தானது என்று முதலில் எண்ணினார்கள். அப்படியானால் சேரர் துறையில் கிரேக்க வட்டிக்காரர்கள் கடை விரித்திருந்தார்கள் என்றாகும். சட்ட வரலாற்றறிஞர் கெர்ஹார்ட் த்யூர் 1987இல் அதை மறுத்தார். இது முசிறிக்குப் போய்வரும் பயணத்துக்காக எகிப்தில் எழுதிய கடல்கடன், சரக்கு அதற்கு ஈடு என்றார். 2000இல் டொமினிக் ராத்போனும் கடன் அலெக்சாந்திரியாவில் போய்வரும் பயணத்துக்காகத் தரப்பட்டது என்றே விளக்கினார். த்யூரின் பக்கம்தான் நியாயம் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. நம் கரையில் யவன வங்கி இருந்தது என்று எழுதுவது கேட்க இனிமையாக இருக்கும்; தாள் அதைச் சொல்லவில்லை.

பிறகு 2011இல் ஃபெடெரிகோ மொரெல்லி மூலத்தை மறுபடி உட்கார்ந்து படித்தார். வரிகளையும் எண்களையும் பல இடங்களில் திருத்தினார். அந்தத் திருத்தங்களின் மேல் நின்றுதான் ஃபெடெரிகோ தெ ரோமானிஸ் 2020இல் முசிறி பாப்பிரஸையும் மிளகு வாணிகத்தையும் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். விலையோடு தெளிவாகப் படிக்க முடிகிற பொருள்கள் மொத்த மதிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வருகின்றன. மிச்சம் எங்கே? கிழிந்துபோன பகுதியில். அங்கே இருந்திருக்க வேண்டியது பெரும்பாலும் மிளகும், கூடவே இலவங்கப்பத்திரியும் என்று அவர் கணக்குப் போட்டு நிறுவப்பார்க்கிறார். அவர் போட்ட எடை 500 டன்னைத் தாண்டுகிறது. சான்று தேடுவோருக்கு மணலிலும் மிளகு கிடைத்திருக்கிறது: பெரெனிகேயின் கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியச் சால் ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகை அகழாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள்.

இப்போது தந்தத்துக்கு அடுத்து வரும் அந்த மலிவுப் பொருள். கிரேக்கத்தில் ஸ்கிதாய் என்று எழுதியிருக்கிறது. தொடக்கத்தில் இதைத் துணிவகை என்று கொண்டார்கள். காசனின் மொழிபெயர்ப்பிலும் துணிதான். சேரநாட்டிலிருந்து துணி போனது என்று நம் பக்கத்துக் கட்டுரைகளிலும் அது புகுந்தது. பிறகு, இது தந்தத்தோடு சேர்ந்ததே, தந்தத்தின் துண்டுகள் என்று தெளிந்தது. எந்தத் துண்டு? உடைசலா, கழிவா? 2014இல் தெ ரோமானிஸ் ஒரு விளக்கம் தந்தார். அவை பழக்கி வளர்க்கும் யானைகளின் கொம்பை உயிரோடு இருக்கும்போதே அவ்வப்போது அறுத்து எடுத்த நுனிகள். இறந்த யானையின் முழுக்கொம்பு ஒரு விலை, அறுத்த நுனி இன்னொரு விலை. கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ கோயில் யானைக்குக் கொம்பு சீவுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வியன்னாவில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு அது எளிதில் தோன்றாது. ஒரு கிரேக்க வரியின் பொருள் மலபார்க் கரையின் யானைப்பாகன் தொழிலில் ஒளிந்திருந்தது.

இத்தனை திருத்தங்களையும் ஒரு வாசகர் எங்கே போய்த் தேடுவார்? முதல் பதிப்பு ஓர் ஆஸ்திரிய இதழில். மறுப்புகள் வேறு வேறு நாட்டு இதழ்களில். பாப்பிரஸ் உலகம் இந்தச் சிக்கலை நெடுங்காலமாக அறிந்தது. சிதறி வெளியான கிரேக்க ஆவணங்களைத் தொகுக்க ஃபிரீட்ரிஷ் ப்ரைசிக்கெ 1915இல் ஒரு தொகைநூல் வரிசையைத் தொடங்கினார். அதன் 18ஆம் தொகுதியில் 13167ஆம் எண்ணாக நம் தாள் இடம்பெற்றது. திருத்தங்களைத் திரட்டுவதற்கென்றே தனியாக ஒரு பட்டியல் வரிசையையும் அவரே தொடங்கிவைத்தார். அது இன்றும் வளர்கிறது. ஆனால் அச்சிட்ட வரியின் மேல் திருத்தம் ஏறாதே. பதிப்பு ஓர் அலமாரியில், திருத்தம் இன்னோர் அலமாரியில்.

கணினிதான் இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் ஓட்ஸும் வில்லியம் வில்லிஸும் கிரேக்க, லத்தீன் பாப்பிரஸ் ஆவணங்களை வரிவரியாகத் தட்டச்சு செய்விக்கத் தொடங்கினார்கள். கணினிக்கு அப்போது கிரேக்கம் தெரியாது. தீட்டாவுக்கு க்யூ என்பதுபோல ஆங்கில விசைகளை வைத்து ஒரு சங்கேத முறையில் அடித்தார்கள். முதலில் குறுந்தகடு, பிறகு இணையம். பெயரைத் தேடினால் நொடியில் வரும் வசதி வந்தது. ஆனால் லெய்டன் முறையின் நுட்பம் அதில் முழுதாக ஏறவில்லை.

அடுத்த கட்டத்தில் எபிடாக் என்ற குறியீட்டு வழக்கத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். இங்கே இடைவெளி, இத்தனை எழுத்து நீளம். இந்த எழுத்து தெளிவில்லை. இது பதிப்பாசிரியர் நிரப்பியது. இந்த வாசிப்பு இன்ன ஆய்வாளருடையது, பழைய வாசிப்பு இன்னது. இப்படி ஒவ்வொன்றையும் கணினி புரிந்துகொள்ளும் வகையில் குறித்தார்கள். பாப்பிரை டாட் இன்ஃபோ என்ற தளத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று இவ்வாறு திறந்து கிடக்கின்றன. ஹைடல்பெர்க் பட்டியல் தேதியையும் இடத்தையும் தருகிறது. லூவன் நகரத்து டிரிஸ்மெகிஸ்தோஸ் ஒவ்வொரு தாளுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண்ணைத் தருகிறது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன.

2010 முதல் இன்னொரு பெரிய மாற்றம். பதிவு செய்துகொண்ட எவரும் ஒரு வாசிப்பைத் திருத்தி முன்மொழியலாம். பதிப்புக் குழு அதைப் பரிசீலித்து வாக்களிக்கும். ஏற்றால் மூலவரியிலேயே திருத்தம் ஏறும். யார், எப்போது, ஏன் என்ற விவரமும் அழியாமல் நிற்கும். பேராசிரியரின் திருத்தமும் மாணவரின் திருத்தமும் ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பதிப்பு என்றால் முடிந்த வேலை என்ற எண்ணத்தையே இது மாற்றிவிட்டது. பாப்பிரஸ் துறை உலகுக்குக் கொடுத்ததில் இதையே நான் தலையாயதாக மதிக்கிறேன்.

படம் எடுப்பதும் இதற்கு ஈடான பணி. கரிமை அகச்சிவப்பு ஒளியில் கறுப்பாகவே நிற்கும். பழுப்பேறிய தாள் வெளுத்துத் தெரியும். கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழுந்து வரும். நல்ல படம் கையில் இருந்தால் வியன்னாவுக்கு விமானம் ஏறாமலே ஒரு புள்ளியைப் பற்றி வாதிடலாம். நம் தாளின் இரு பக்கப் படமும் நூலகத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது நார்களின் நெடுக்கும் குறுக்கும் தனித்தனியாகத் தெரிகின்றன. எங்கே எழுத்து நிற்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

பார்க்கலாம் என்பதோடு நிற்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். இந்தத் தாளின் ஒரு பொருளுக்கு விளக்கம் யானைக்கொம்பு சீவும் பழக்கத்திலிருந்து கிடைத்தது. எஞ்சிய ஐயங்களில் சிலவற்றுக்கும் விடை நம் பக்கத்தில் இருக்கலாம்: மிளகை எந்த மாதம் பறித்து எந்த மாதம் துறைக்கு இறக்கினார்கள், சடாமாஞ்சிலை எப்படிப் பெட்டியில் அடைத்தால் பழுதாகாது, பழைய மலையாள, தமிழ் வணிகக் கணக்குகளில் தந்தத்தை எப்படித் தரம் பிரித்தார்கள். முசிறி இருந்ததாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வு 2007 முதல் நமக்குப் பொருள்களைத் தந்துகொண்டிருக்கிறது. அவற்றோடு இந்தக் கணக்கைச் சேர்த்துப் படிக்க கிரேக்கமும் தமிழும் ஒருசேர அறிந்தவர்கள் வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரு பல்கலைக்கழகமாவது மாணவர் சிலருக்குக் கிரேக்கம் கற்பித்து இந்தப் பணிக்கு அனுப்ப வேண்டும். தொகுதி 18, எண் 13167. பாப்பிரை டாட் இன்ஃபோவில் தேடினால் பக்கம் திறக்கும். படிக்கக் கட்டணம் இல்லை. திருத்தம் முன்மொழிய இடம் அங்கேயே இருக்கிறது.